ரிடெய்னரில் வெள்ளைப் படிவு, நாற்றம்: போர் தண்ணி உள்ள வீட்டில் எப்படிச் சுத்தம் செய்வது?

கொருக்குப்பேட்டை அம்மா
மகளுக்கு 15 வயசு. பல்லுக்குக் கம்பி கழட்டியாச்சு, பல் திரும்ப நகராம இருக்க ரிடெய்னர் கொடுத்திருக்காங்க. மேல் வரிசைக்கு ரோஸ் கலர் பிளேட்டும் கம்பியும் வச்ச ரிடெய்னர், கீழ் வரிசைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கிற ரிடெய்னர். கீழே உள்ளதில் முன்பல் வர்ற இடத்துல, நாக்குப் பக்கமா வெள்ளையா சொரசொரன்னு படிஞ்சிருக்கு. பிரஷ்ஷுக்குப் போகலை. மேலே உள்ளது எடுத்தாலே நாற்றம். வீட்டில் புழங்க போர் தண்ணி, குடிக்க கேன். பல் செட் கழுவுற மாத்திரை போடச் சொல்லி ஒருத்தர், கொதிக்கிற தண்ணியில முக்கி எடுக்கச் சொல்லி ஒருத்தர். எதைச் செய்யலாம்?

பல்லவன்
கொதிக்கிற தண்ணி மட்டும் வேண்டாம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

கண்ணாடி மாதிரி உள்ள ரிடெய்னரை எப்படிச் செய்றாங்கன்னு தெரிஞ்சா காரணம் புரிஞ்சிடும். தட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, பல்லின் மாவு அச்சு (ஜிப்சம் மாவுல வார்த்த பல் மாதிரி) மேல வச்சு காற்றழுத்தத்துல ஒட்ட வைக்கிறாங்க. ஆறினதும் அந்த வடிவம் நிக்குது. மறுபடி சூடு பட்டா தகடு பழைய தட்டை வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். பரவலா பயன்படுற வகை பிளாஸ்டிக் 80 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். கொதிநீர் 100. 60 டிகிரி வெந்நீர்ல ரொம்ப நேரம் கிடந்தாலும் ஓரம் லேசா விரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா பல்லில் போட்டா ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். கால் மில்லிமீட்டர் மாறினாலே பல்லைத் தப்பான திசையில தள்ள அது போதும்.

கையை விட்டா சூடு தெரியாத தண்ணி. அதுதான் அளவு. கீசர் குழாயைத் திறக்கவே வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வாயிலிருந்து எடுத்த உடனே, எச்சில் காயறதுக்கு முன்னாடி, ஓடுற தண்ணியில ரெண்டு பக்கமும் அலசணும். மிருதுவான தனி டூத்பிரஷ் ஒண்ணு, பல் தேய்க்கிற பிரஷ் இல்லாம. அதுல வாசனையோ மாய்ஸ்சரைசரோ இல்லாத கைகழுவும் திரவமோ பாத்திரம் கழுவும் திரவமோ ஒரே ஒரு சொட்டு. உள்பக்கம், அதாவது பல்லைத் தொடுற பக்கம், முதல்ல. குழி குழியா இருக்கிற இடத்துல பிரஷ் நுனியைச் செங்குத்தா வச்சுச் சுழற்றணும். அரை நிமிஷம் ஒரு பக்கம், அரை நிமிஷம் மறுபக்கம். நுரை போற வரைக்கும் அலசல். காலையில எடுக்கும்போது ஒரு தரம், ராத்திரி போடறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில ஒரு தரம்.

தண்டையார்பேட்டை குமார்
இன்னாபா, டூத்பேஸ்ட் போட்டு தேச்சா பத்தாதா? பல்லுக்கு ஆவுறது அதுக்கு ஆவாதா?

லேப் மேசை
ஆவாது குமார். பேஸ்ட்டுல சிலிக்கா, கால்சியம் கார்பனேட் மாதிரி நுண்ணிய தூள் இருக்கு. பல் எனாமல் அதைத் தாங்கும். பிளாஸ்டிக்கும், ரோஸ் பிளேட் செய்ற அக்ரிலிக்கும் எனாமலைவிட ரொம்ப மெது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் மெல்லிய கீறல் விழும். தேய்க்கத் தேய்க்க ரிடெய்னர் மங்கலாகும், அந்தக் கீறல்ல கிருமிப் படலம் பிரஷ் எட்டாத ஆழத்துல உட்காரும். நாளைக்கு மூணு தடவை கழுவியும் நாறுதுன்னு வர்றவங்க பல பேர் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறவங்கதான். வெள்ளையாக்கும் பேஸ்ட், கரி பேஸ்ட், பல்பொடி எல்லாம் இன்னும் மோசம். ஸ்டீல் நார், பச்சை ஸ்கிரப்பர், கைலி நுனி எதுவும் கிட்ட வரக் கூடாது.

கம்பி வச்ச மேல் ரிடெய்னரைப் பற்றி நான் சொல்றேன். அதுக்குப் பேர் ஹாலி. முன்பல் மேல ஓடுற கம்பியும், கடவாய்ப் பல்லைக் கவ்வுற கொக்கியும் வழக்கமா 0.7 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த ரோஸ் பிளேட் அக்ரிலிக். அச்சு மேல பொடியைத் தூவி, திரவத்தைச் சொட்டு சொட்டா விட்டு கட்டறது. சூடு கொடுக்காமலே இறுகும். அதனால உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மேல் பக்கத்தை மெருகேத்துவோம். அண்ணத்தைத் தொடுற பக்கத்தை மெருகேத்த மாட்டோம், ஏன்னா அண்ணத்தோட அச்சு அதுல அப்படியே இருக்கணும். நாற்றம் வர்ற இடம் அந்த மெருகில்லாத பக்கம்தான். ரெண்டாவது இடம், கம்பி அக்ரிலிக்குள்ள நுழையுற முனை. அந்த முனையில ஒரு மயிரிழைச் சந்து இருக்கும். அங்கே பிரஷ் நுனியைக் குத்தி ரெண்டு சுழற்று சுழற்றணும். பெரும்பாலான பிள்ளைங்க பளபளன்னு இருக்கிற பக்கத்தையே தேய்ச்சிட்டு வச்சிடறாங்க.

கழுவும்போது பிடிக்கிற விதமும் இருக்கு. உள்ளங்கையில் பிளேட்டை மல்லாக்க வச்சு, விரலால தாங்கித் தேய்க்கணும். முன்கம்பியைப் பிடிச்சு தூக்கினா கம்பி வளையும், அப்புறம் முன்பல்லை அமுக்கும். வாயிலிருந்து எடுக்கும்போதும் முன்கம்பியை இழுக்காம, ரெண்டு பக்கக் கொக்கியிலும் நகத்தை மாட்டிச் சமமா இறக்கணும். நாக்காலயே கழட்டிக் கழட்டி மாட்டுற பழக்கம் வந்துட்டா கொக்கி ஒடியும்.

வாஷ்பேசின்ல ஒரு துண்டு விரிச்சுக்கோங்க, இல்லைன்னா பேசின்ல பாதி தண்ணி பிடிச்சு அதுக்கு மேல கழுவுங்க. கை நழுவி மொசைக் தரையில விழுந்தா அக்ரிலிக் ரெண்டா பிளந்துடும்.

கொருக்குப்பேட்டை அம்மா
சரிங்க. அந்த வெள்ளைப் படிவு?

சோடா மூடி
நான் வேதியியல் சொல்லிக் கொடுக்கிற ஆள். இதுல ரெண்டு வகைப் படிவு கலந்திருக்கும், பிரிச்சுப் பார்த்தா வேலை சுலபம்.

ஒண்ணு, தண்ணி உப்பு. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல தெருக்கள்ல போர் தண்ணி கடினத் தண்ணி. மீஞ்சூர் வட்டாரத்துல கடல் நீர் நிலத்தடியில உள்ளே புகுந்திருக்கு. அந்தத் தண்ணியில அலசி அப்படியே காய விட்டா கால்சியம் கார்பனேட் வெள்ளைப் புள்ளியா நிக்கும். வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுற அதே உப்பு. இது ரிடெய்னரோட வெளிப்பக்கம், உள்பக்கம் எங்கே வேணும்னாலும் இருக்கும், நகத்தால சுரண்டினா மாவா வரும்.

ரெண்டாவது, பல் காரை. எச்சில்ல இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் கிருமிப் படலத்துல இறுகிப் போறது. கீழ்முன்பல் பின்னாடி, நாக்குக்கு அடியில, எச்சில் சுரப்பி ஒண்ணோட வாய் திறக்குது. அதனால கீழ் ரிடெய்னர்ல அந்த இடத்துலதான் காரை முதல்ல கட்டும். உங்க மகளுக்குச் சொன்ன இடம் அச்சா அதுவேதான். சொரசொரன்னு இருக்குன்னு சொன்னதும் காரைக்குப் பொருந்துது.

ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு: வெள்ளை வினிகர். மளிகைக் கடையில கிடைக்கிற சிந்தெடிக் வினிகர்ல அசிட்டிக் அமிலம் சுமார் 4 சதவீதம். அரை டம்ளர் வினிகர், அரை டம்ளர் கேன் தண்ணி. கண்ணாடி டம்ளரோ பிளாஸ்டிக் கிண்ணமோ போதும், அலுமினியமோ பித்தளையோ வேண்டாம். ரிடெய்னர் முழுக்க மூழ்கணும். 15 நிமிஷம், மிஞ்சினா 20. தண்ணி உப்பா இருந்தா குட்டிக் குட்டிக் குமிழி கிளம்பும், சீக்கிரம் கரையும். காரை மெதுவா இளகும், குமிழி அதிகம் வராது. எடுத்து மிருதுவா பிரஷ் பண்ணுங்க. மிச்சம் இருந்தா அன்னைக்கே திரும்பப் போடாம, அடுத்த நாள் ஒரு தரம். ரெண்டு மூணு தடவைக்குப் போகலைன்னா கிளினிக்ல அல்ட்ராசோனிக் தொட்டியில (ஒலி அதிர்வால அழுக்கை உதிர்க்கிறது) போட்டு எடுத்துத் தருவாங்க.

ஊசி, ஸேஃப்டி பின், கத்தி முனை வச்சு நோண்டக் கூடாது. காரை போகும், கூடவே குழி விழும். அந்தக் குழியிலேயே அடுத்த காரை இன்னும் வேகமா ஏறும்.

தண்டையார்பேட்டை குமார்
பித்தளைச் சொம்புக்குப் புளி போட்டு தேய்ப்பாங்களே, அத்த போட்டா பளிச்சினு ஆயிடும்ல? வினிகர் எதுக்கு வாங்கணும்?

சோடா மூடி
அமிலம் புளியிலும் இருக்கு, மறுக்கலை. ஆனா புளிக்கரைசல்ல நிறமும் சர்க்கரையும் சேர்ந்து வருது. நிறம் பிளாஸ்டிக்ல ஏறும், சர்க்கரை கிருமிக்குத் தீனி. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான், நார் கம்பிச் சந்துல மாட்டும்.

இன்னொண்ணு. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணா கலக்கிப் போடச் சொல்லி வீடியோ சுத்துது. பொங்குறதைப் பார்த்தா சுத்தமாகுற மாதிரி தெரியும். நடக்கிறது என்னன்னா அமிலமும் காரமும் ஒண்ணையொண்ணு தீர்த்துக்கிட்டு உப்புத் தண்ணியா நிக்குது. வினிகர் ஒரு நாள், சோடா வேற ஒரு நாள். ஆப்ப சோடா ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன், 15 நிமிஷம், அது நாற்றத்துக்கு. சலவை சோடா வேற, அதைத் தொடாதீங்க.

எண்ணூர் கழிமுகம்
நாற்றத்துக்கு டெட்டால் நாலு சொட்டு விட்டு ஊறப் போடலாமா? ஸ்பிரிட், சானிட்டைசர்?

பல்லவன்
எதுவும் வேண்டாம். டெட்டால் அக்ரிலிக்ல உறிஞ்சிக்கும், அப்புறம் வாய்க்குள்ள கசியும், அண்ணம் எரியும். ஸ்பிரிட்டும் சானிட்டைசரும் அக்ரிலிக்ல நுண்ணிய விரிசல் விடும். சாராயம் கலந்த மவுத்வாஷும் அதே ரகம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கிருமிக்கு நல்லா வேலை செய்யும், ஆனா டீ, காபி பழக்கத்தோட சேர்ந்தா பழுப்புக் கறை பிடிக்கும். டாக்டர் சொன்னா மட்டும், சொன்ன நாளுக்கு மட்டும்.

பிளீச்சிங் பவுடர் கரைசல் கம்பியை அரிக்கும். அதோட வினிகர் கலந்தா குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அந்தக் கலவையைச் செய்யறது ஆபத்து. சுத்தம் பண்றதுக்காக ஆஸ்பத்திரி போற வேலை அது.

ஹைட்ரஜன் பெராக்சைடு சரி. ஆனா பாட்டிலைப் பார்த்து வாங்குங்க. மருந்துக்கடைப் பாட்டில்ல 20 வால்யூம்னு போட்டிருந்தா அது சுமார் 6 சதவீதம். அதுக்குச் சமமா தண்ணி கலந்தா 3 சதவீதம் ஆகும். அதுல 15 நிமிஷம், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல தேவையில்லை. அப்புறம் ஒரு நிமிஷம் ஓடுற தண்ணியில அலசணும்.

மாதவரம் செவிலி
பல் செட் மாத்திரை பற்றி கேட்டிருந்தாங்க, யாரும் சொல்லலை.

போடலாம். கையில சூடு தெரியாத தண்ணி ஒரு டம்ளர், அதுல ஒரு மாத்திரை, பொங்கி அடங்கும்போது ரிடெய்னரைப் போடணும். அட்டையில போட்டிருக்கிற நிமிஷம்தான் கணக்கு. ராத்திரி முழுக்க ஊற வச்சா கூடுதல் சுத்தம் ஆகாது. கம்பி மங்கும், பிளாஸ்டிக் மேகமாகும். எடுத்ததும் பிரஷ், அலசல். மாத்திரைக்குப் பதில் பொடியா கிடைச்சாலும் அதே முறை.

ரெண்டு எச்சரிக்கை. மாத்திரையை வாயில் போடவோ, அந்தத் தண்ணியால கொப்பளிக்கவோ கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருந்தா டம்ளரைக் கண்ணுல படாம வைங்க, சோடா கலர்னு குடிச்சிடும். அப்புறம், சில மாத்திரையில பெர்சல்ஃபேட்ங்கிற வெளுக்கும் உப்பு இருக்கும். அதுக்கு ஒவ்வாமை வர்றவங்க உண்டு: ஈறு எரிச்சல், தடிப்பு, மூச்சுத் திணறல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2008-ல் இது பற்றி எச்சரிக்கை விட்டிருக்கு. பல மாசம் பயன்படுத்தின பிறகும் வரலாம். உதடோ முகமோ வீங்கினா நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்டே காட்டணும்.

தினமும் சோப்பு, வாரம் ஒரு தரம் மாத்திரை அல்லது ஆப்ப சோடா, படிவு கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் வினிகர். இதுக்கு மேல கெமிக்கல் தேவைப்பட்டா தினசரி வேலையில எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

கொருக்குப்பேட்டை அம்மா
கழுவ போர் தண்ணி பரவாயில்லையா? கேன் தண்ணியில தினமும் கழுவ கட்டுப்படியாகாது.

சோடா மூடி
தேய்க்க போர் தண்ணியே போதும். கடைசி அலசல் மட்டும் அரை டம்ளர் கேன் தண்ணி அல்லது மெட்ரோ வாட்டர். அலசினதும் உதறி, பஞ்சு மாதிரி மெல்லிய பருத்தித் துணியால ஒத்தி எடுத்துடுங்க. உப்பு படியறது தண்ணி ஆவியாகும்போதுதான். துளி நிக்கலைன்னா படிவும் நிக்காது. ரொம்ப உவர் தண்ணியா இருந்தா கம்பிக்கும் கெடுதல், குளோரைடு ஸ்டீல்ல புள்ளிப் புள்ளியா அரிக்கும், பற்ற வச்ச இடம் இருந்தா அங்கே முதல்ல கறுக்கும். சில போர்ல இரும்பும் இருக்கும். பக்கெட்ல செம்மஞ்சள் கோடு விழுந்தா ரிடெய்னர்லயும் விழும்.

லேப் மேசை
டப்பா பற்றி யாராவது கேளுங்கப்பா, அங்கேதான் பாதி நாற்றம் பிறக்குது.

ஈரத்தோட மூடி வச்ச டப்பா பூசணத்துக்குச் சொர்க்கம். சென்னை வெக்கையில ரெண்டே நாள்ல மூடியோட உள்மூலையில கறுப்புப் புள்ளி வரும். காத்து ஓட்டை உள்ள டப்பா வாங்குங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை அதையும் சோப்பு போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காய வைங்க. ஓட்டை இருக்கேன்னு அடுப்படி மேடையில விட்டா எறும்பும் கரப்பானும் வந்துடும், அலமாரி உயரத்துல வைங்க. கண்ணாடி வகையை உலர வச்சே வைக்கலாம். ஹாலியைப் பல நாள் போடாம இருக்கப் போறீங்கன்னா சுத்தமான தண்ணியில மூழ்க வச்சு, தண்ணியை தினமும் மாற்றணும். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சி வச்சிருக்கிற பொருள், முழுக்க வறண்டா லேசா சுருங்கும்.

வெயில்ல காய வைக்காதீங்க. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில, கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க. மே மாசத்துல பூட்டின காருக்குள்ள ஏறுற சூடு அந்தத் தகட்டைத் திருக போதும்.

அப்புறம் பேப்பர். ஸ்கூல்ல சாப்பிடும்போது டிஷ்யூவுல சுத்தி டிபன் பாக்ஸ் பக்கத்துல வைப்பாங்க, யாரோ குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. புது ரிடெய்னர் கேட்டு வர்றவங்க சொல்ற காரணத்துல இது முதல் வரிசை. நாய் கடிச்சது அடுத்தது. எச்சில் வாசனை நாய்க்குப் பிடிக்கும்.

எண்ணூர் கழிமுகம்
மஞ்சள் கறை? குழம்பு சாப்பிட்டா ஏறிடுது.

பல்லவன்
போட்டுக்கிட்டே சாப்பிடறதால ஏறுது. வெறும் பச்சைத் தண்ணி தவிர எது குடிச்சாலும் கழட்டணும். டீ போட்டுக்கிட்டு குடிச்சா சூடும் கறையும் சேர்ந்து வரும். சர்க்கரை உள்ளே சிக்கினா பல்லுக்கும் ரிடெய்னருக்கும் நடுவே எச்சில் போய் அலசவே முடியாது, சொத்தை வரும். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிச்சிட்டுப் போடணும். ஏறிப்போன மஞ்சள் பெராக்சைடுக்குக் கொஞ்சம் மங்கும், முழுக்கப் போகாது. நிறம் மட்டும்தான் குறைன்னா கவலைப்படாம போடலாம்.

பெரம்பூர் பிரியா
பல்லுக்குப் பின்னாடியே ஒட்டி வச்ச கம்பி இருக்கிறவங்களுக்கு? அதைக் கழட்ட முடியாதே.

மாதவரம் செவிலி
அதுக்கு வேற வழி. கோரைப் பல்லிலிருந்து கோரைப் பல் வரை முறுக்குக் கம்பி ஓடும், ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிமெண்ட் பொட்டு. சாதாரண நூல் மேலிருந்து இறங்காது, கம்பி தடுக்கும். சூப்பர் ஃபிளாஸ்னு கேளுங்க. ஒரு முனை விறைப்பா, நடுவுல பஞ்சு, மறுமுனை சாதா நூல். விறைப்பான முனையை வெளிப்பக்கத்திலிருந்து கம்பிக்குக் கீழே, ஈறுக்கு மேலே நுழைச்சு நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சுப் பகுதியால ஒரு பல்லோட பக்கவாட்டை அணைச்சு மேலும் கீழும் நாலு தரம். அடுத்து பக்கத்துப் பல். எடுக்கும்போது பக்கவாட்டுல உருவணும். மேல்நோக்கி வெடுக்குன்னு இழுத்தா சிமெண்ட் பெயரும். அது கிடைக்கலைன்னா ஃபிளாஸ் த்ரெடர்னு பிளாஸ்டிக் ஊசி இருக்கு, சாதா நூலைக் கோத்துக்கலாம். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகள்ல விசாரிச்சுப் பாருங்க. பிரஷ்ஷை நாக்குப் பக்கமிருந்து 45 டிகிரி சாய்ச்சு கம்பிக்கு மேல ஒரு தரம், கீழ ஒரு தரம். ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேலிங், அதாவது டாக்டர்கிட்ட காரை எடுக்கிறது.

நாக்கால தடவிப் பார்த்தா ஏதாவது ஒரு பொட்டு மட்டும் கூர்மையா குத்தினாலோ, கம்பி அசைஞ்சாலோ அந்த வாரமே போய்க் காட்டணும். வலிக்காது, அதனால விட்டுடுவாங்க. ஒட்டு விட்ட பல் மட்டும் தனியா திரும்ப ஆரம்பிக்கும்.

தண்டையார்பேட்டை குமார்
எப்ப மாத்தணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கழுவிக்கினே இருந்தா எத்தினி வருசம் வரும்?

லேப் மேசை
வருஷக் கணக்கைவிட அறிகுறி நம்பகமானது. மாத்திரையில ஊற வச்சு, சோப்பு போட்டு, காய வச்ச பிறகும் நாற்றம் இருந்தா கீறல் ஆழமா போயிருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கடவாய்ப் பல் குழியில வெள்ளைக் கோடு தெரிஞ்சா அது விரிசல், உப்பு இல்லை, நகத்தால சுரண்டினாலும் போகாது. ராத்திரி பல் கடிக்கிற பிள்ளைங்களுக்கு இது சீக்கிரம் வரும். ஹாலியில கம்பி ஒடிஞ்சா, பிளேட் ஆடினா லேப்ல சரி பண்ணலாம். ஃபெவிக்விக் வச்சு வீட்டில் ஒட்டினா நம்மால அதைச் சரி பண்ண முடியாது, பசையைச் சுரண்டும்போதே பிளேட்டோட அளவு போயிடும்.

சில நாள் போடாம விட்டு திரும்பப் போடும்போது இறுக்கமா இருந்தா பல் நகர்ந்திருக்கு. லேசான இறுக்கம்னா போட்டு வைக்கலாம், ஒரு பக்கம் உட்காரவே இல்லைன்னா அழுத்தித் திணிக்காம அதையே எடுத்துக்கிட்டு கிளினிக் போங்க. தனியார் கிளினிக் கைக்கு எட்டலைன்னா கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில பல் சீரமைப்புத் துறைன்னு கேட்டுப் போகணும், காலையில ஓ.பி. சீட்டு போட்டுக்கிட்டு. பழைய ரிடெய்னரும் மாவு அச்சு கொடுத்திருந்தா அதுவும் கையில இருக்கட்டும்.

கொருக்குப்பேட்டை அம்மா
வினிகர்ல 15 நிமிஷம் போட்டேன். வெளியே இருந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் போயிடுச்சு. முன்பல் பின்னாடி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மேல் பிளேட்ல அண்ணத்துப் பக்கம் தேய்ச்சா பிரஷ்ல மஞ்சளா வழவழன்னு வருது.

பல்லவன்
அந்த வழவழப்புதான் கிருமிப் படலம், நாற்றத்துக்கு அதுதான் காரணம். பிரஷ் வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ச்சு, ஆப்ப சோடாவுல 15 நிமிஷம் போடுங்க. கீழ் ரிடெய்னருக்கு நாளைக்கு இன்னொரு தரம் வினிகர். பிள்ளையோட கீழ்முன்பல் பின்னாடியும் ஒரு தரம் டார்ச் அடிச்சுப் பாருங்க. ரிடெய்னர்ல காரை கட்டியிருந்தா பல்லிலும் கட்டியிருக்கலாம். பல்லுல உள்ளது வினிகருக்குப் போகாது, அதை முயற்சி பண்ணவும் வேண்டாம், எனாமல் கரையும். ஸ்கேலிங்தான். ஸ்கேலிங் முடிஞ்ச அன்னைக்கே ரிடெய்னர் உட்காருதான்னு அங்கேயே போட்டுப் பார்த்துட்டு வாங்க.